என் வீட்டுக்காரர் நின்று நின்று பேசுவது ஏன்?

"அங்கிள், நிக்காம ஒரு மாடி ஏற முடியுமா உங்களால?"

"ஏறலாமே."

"கஷ்டம் இருக்குமா? கொஞ்சம் கஷ்டமா, ரொம்பக் கஷ்டமா, இல்ல முடியவே முடியாதா?"

"ஒரு கஷ்டமும் இல்லம்மா."

"கடைசியா எப்ப ஏறுனீங்க?"

என் கணவர் சேவியர் கூரையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை.

"ஞாபகம் இல்லம்மா. நான் லிஃப்ட் கம்பெனில சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவன். ஜனங்க படி ஏறக் கூடாதுன்னுதான் ஆயுசு பூரா வேலை பாத்தேன். நானே படி ஏறுனா நல்லாவா இருக்கும்?"

கேட்டவள் பெயர் பிரியா. ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். என் மகள் வயதுதான் இருக்கும். 'கஷ்டம் இல்லை' என்ற கட்டத்தின் மேல் பேனாவைக் கொண்டுபோனாள். ஆனால் டிக் போடவில்லை. பேனாவை அப்படியே நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கெட்டிக்காரப் பெண் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

இது நடந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே — எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் அடுத்த வாரம் இந்தப் பத்திரிகையில் என் பக்கத்தில் வந்துவிடும். இதையும் சுடச்சுட எழுதியிருப்பேன். ஆனால் ஆஸ்பத்திரி வாசலிலேயே, "ரோசி, இதை எழுதுனே... அப்புறம் இருக்கு" என்று அவர் சத்தியம் வாங்கிவிட்டார். எங்கள் மகள் ஷெரின் கல்யாணம் முடிகிற வரைக்கும் மூச்சு விடக் கூடாது என்பது ஒப்பந்தம். போன சனிக்கிழமை கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் கால் கதை.

அவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, உண்டு. சிகரெட்டும் உண்டு. 'விட்டாச்சு' என்று வெளியே சொல்லிக்கொண்டு, காரைத் துடைக்கிற சாக்கில் பின்பக்கம் போய்ப் பிடிப்பார். நாங்கள் இருக்கிற தம்போய் வட்டாரத்திலேயே எங்கள் கார்தான் சுத்தமான கார். இனிப்பு நீர்க்காரர்களுக்கு வருடா வருடம் பாதத்தைப் பார்ப்பார்கள் அல்லவா, அப்படி கிளினிக்கில் ஒரு டாக்டர் பார்த்தார். பாதத்தை அழுத்தி அழுத்தி நாடியைத் தேடினார். வலது காலில் கிடைத்தது. இடது காலில் தேடினார், தேடினார், தேடிக்கொண்டே இருந்தார்.

"காலுக்கு ரத்தம் சரியாப் போகலை, அங்கிள். ரத்தக் குழாய் சுருங்கிப் போயிருக்கு."

"புரியிற மாதிரி சொல்லுங்களேன் டாக்டர்" என்றேன் நான்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூர் போற ஜொகூர் பாலத்தைப் பாத்திருக்கீங்களா, ஆன்ட்டி? ரோடு இருக்கு, வண்டியும் இருக்கு. ஆனா நகராது. அதே கதைதான் உள்ளுக்குள்ள."

ஜொகூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

"நடக்கும்போது கால் வலிக்குதா?" என்று டாக்டர் கேட்டார். "இல்லை" என்றார் இவர். சரி, நடந்தால்தானே வலிக்கும் என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். எங்கள் தாமானில், இந்தக் குடியிருப்பில், யார் நடக்கிறார்கள்? ரொட்டி வாங்க மோட்டார் சைக்கிள். அடுத்த வரிசைக் கடையில் கறிவேப்பிலை வாங்கக் கார். ஒருநாள் காற்றாட நடந்துதான் பார்ப்போமே என்று நான் கிளம்பினேன். வழி நெடுக ஒவ்வொருவராகக் காரை நிறுத்தி, "என்னா ஆன்ட்டி, கார் கெட்டுப் போச்சா?" என்று விசாரித்தார்கள். ஒருவர் கதவையே திறந்துவிட்டு, ஏறினால்தான் ஆச்சு என்று அடம்பிடித்தார். ஏறிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

அதனால் கால் விஷயத்தை நாங்கள் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அப்போது வீட்டில் வேறு ஒரு பெரிய பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது.

ஷெரின் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். தினமும் பாலத்தைக் கடக்கிற பிள்ளை. மாப்பிள்ளை ஜெயன், ஜொகூர் பாருவிலேயே கணக்காய்வாளர். சிலோன் தமிழ்க் குடும்பம், எங்களைப் போலவே கத்தோலிக்கர்கள். கல்யாணத் தேதி குறித்த அன்றைக்கு ஷெரின் அவரிடம் வந்து, "அப்பா, நீங்கதான் என் கையைப் பிடிச்சு கோயில் வாசல்லேருந்து பீடம் வரைக்கும் கூட்டிட்டுப் போகணும்" என்றாள்.

எந்த அப்பாவாக இருந்தாலும் உருகிப் போயிருப்பார். இவர் என்ன சொன்னார் தெரியுமா?

"சித்தப்பா கூட்டிட்டு வரட்டுமே. நான் முன்னாலயே போய் பீடத்துக்கிட்ட நின்னுக்கிறேன். ஒன்ன வரவேற்க ஒரு ஆள் வேணாமா?"

பெண்ணின் முகம் சுண்டிப் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து சமையலறைக்கு வந்து, நான் வெங்காயம் நறுக்குகிற இடத்தில் நின்றாள்.

"அம்மா, அப்பாவுக்கு ஜெயனைப் பிடிக்கலையா?"

"யாரு சொன்னா?"

"பிடிச்சிருந்தா ஏன் சித்தப்பாவைத் தள்ளிவிடுறாரு? நாம சாஆ எஸ்டேட்டுலேருந்து வந்தவங்க, அவங்க சிலோன்காரங்க, தாத்தா காலத்துலேருந்து கவர்ன்மெண்ட் வேலைன்னு யோசிக்கிறாரா?"

நான் அவரிடம் கேட்டேன். "நல்ல பையன்தானே, எனக்கென்ன" என்றார். அப்புறம் ஏன் என்றேன். டிவி சத்தத்தைக் கூட்டினார். அன்றிலிருந்து அப்பாவும் மகளும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், உப்பை மட்டும் கேட்டு வாங்கினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒற்றைப் பெண்ணின் கல்யாணம். அப்பா கையைப் பிடித்து நடக்க வேண்டும் என்று சின்ன வயதில் வீட்டுக் கூடத்தில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஒத்திகை பார்த்த பிள்ளை. இவருக்கு என்ன கேடு?

இந்த லட்சணத்தில்தான் பெரிய ஆஸ்பத்திரியில் எங்களுக்கு நாள் வந்தது. பிரியாவின் கேள்விகளும் வந்தன.

"வீட்டுக்குள்ள சுத்தி நடக்க முடியுமா, அங்கிள்?"

"முடியும்."

"தெருக்கோடி வரைக்கும்?"

"முடியும்."

"வேகமா?"

"முடியும்."

நான் குறுக்கே புகுந்தேன். "எதும்மா முடியும்? அவருக்குக் குப்பை போடுறதுக்கே பைக் வேணும். எல்லாத்துக்கும் 'முடியாது'ன்னு போடும்மா."

"ஆன்ட்டி, இது அங்கிளோட பதில்."

"அவரு பதில்ல உண்மை இல்லையே."

"பரவாயில்ல ஆன்ட்டி. தன்னால என்ன முடியும்னு அவரு நெனைக்கிறாரு, அதுவும் எங்களுக்குத் தெரியணும்" என்றாள். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் நாற்காலியை இழுத்து என்னைக் கொஞ்சம் தள்ளி உட்காரவைத்துவிட்டுச் சொன்னாள்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். நம் வீட்டு ஆண்களிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் என்ன பதில் வரும்? 'நல்லா இருக்கேன்.' ஐசியூவில் படுத்திருந்தாலும் அதுதான். அதையே பெண்களிடம் கேட்டுப் பாருங்கள் — தலை, கழுத்து, இடுப்பு, முட்டி என்று மேலிருந்து கீழே வருவோம், கேட்டவருக்கு நேரம் போதாது. இந்த இரண்டு பதிலையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதனால் எவ்வளவு முடிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிரியா மாதிரி பிள்ளைகளுக்குச் சம்பளம் சும்மா கொடுக்கவில்லை.

அடுத்து அவரைப் படுக்கவைத்தாள். கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். அது வழக்கமானதுதான். பிறகு அதே மாதிரிப் பட்டையைக் கணுக்காலில் சுற்றினாள். பாதத்தில் ஜெல் தடவி, பேனா மாதிரி ஒன்றை வைத்து, உள்ளே ரத்தம் ஓடுகிற சத்தத்தைக் கேட்டாள்.

"காலுக்கும் பிரஷரா?" என்றார் இவர், வெட்கப்பட்டுக்கொண்டே. கால் நகம் வெட்டாமல் வந்துவிட்டார்.

"ஆமா அங்கிள். கையில எவ்வளவு இருக்கோ, காலுலயும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கணும். உங்களுக்கு இடது காலுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் இருக்கு."

"பாஸ் மார்க் எவ்வளவும்மா?"

"அப்படியே அந்தப் பட்டையை வாயிலயும் ஒரு தடவை சுத்திப் பாரும்மா" என்றேன் நான். "அங்க ரத்தம் ஜோரா ஓடும்."

அவர் முறைத்தார். பிரியா திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

எனக்கு ஒரு சந்தேகம். அதுதான் மெஷினே சொல்லிவிட்டதே, அப்புறம் எதற்கு இத்தனை கேள்வி? கேட்டேன். அதற்கு அந்தப் பெண் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது.

"மெஷின் ரத்தத்தைத்தான் சொல்லும் ஆன்ட்டி, ஆளைச் சொல்லாது. இதே நம்பர் இருக்கிற ஒருத்தர் தினமும் மார்க்கெட்டு போயிட்டு வருவாரு. இன்னொருத்தர் பாத்ரூம் போறதுக்கே யோசிப்பாரு. நம்பர் ஒண்ணுதான், வாழ்க்கை வேற வேற. அங்கிளால என்ன முடியுதுன்னு தெரியணும்னா நடக்க விட்டுத்தான் பாக்கணும்."

நடக்க விட்டாள்.

தாழ்வாரத்தின் இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்புகள். ஆறு நிமிடம். இந்தக் கூம்புக்கும் அந்தக் கூம்புக்கும் போய்ப் போய் வர வேண்டும். எவ்வளவு தூரம் வருகிறதோ, அதுதான் கணக்கு. வலித்தால் நிற்கலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, "ஓகே அங்கிள், போலாம்" என்றாள்.

சேவியர் கிளம்பினார். அட, நன்றாகத்தான் நடந்தார். மார்பை நிமிர்த்திக்கொண்டு ஒரு கூம்பைச் சுற்றித் திரும்பினார். திரும்பி வரும்போது, பெஞ்சில் காலில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் முன்னால் நின்றுவிட்டார்.

"என்னாண்ணே, காலுல என்னா?"

"புண்ணு. ஆற மாட்டேங்குது."

"எந்த ஊரு நீங்க?"

"சிகாமட் பக்கம். சாஆ."

முடிந்தது கதை. சாஆ என்ற வார்த்தை காதில் விழுந்தால் என் வீட்டுக்காரரை அந்த இடத்திலிருந்து கிரேன் வைத்துத்தான் தூக்க வேண்டும். எந்த எஸ்டேட்? எந்த டிவிஷன்? மண்டோர் வேலை பார்த்த ராயப்பனைத் தெரியுமா? அவர் மருமகன் லாரி ஓட்டினாரே... ஆமா, அவர் என் பெரியம்மா மகனுக்குச் சம்பந்தி. இரண்டு பேரும் செம்பனை மரத்தடியில் நிற்கிற மாதிரி நின்று பேசினார்கள்.

"அங்கிள், டைம் ஓடுது" என்றாள் பிரியா.

"இதோ வந்துட்டேம்மா." நடந்தார். அடுத்த சுற்றில் எங்கள் கோயில் பாடகர் குழுவில் பாடுகிற அம்மாவைப் பிடித்துக்கொண்டார். சாப்பிட்டாச்சா, யாருக்கு உடம்பு, எந்த வார்டு... அதற்கடுத்த சுற்றில் முன்பின் தெரியாத ஒரு மலாய்க்காரப் பாட்டியிடம் நின்று நலம் விசாரித்தார்.

எனக்குத் தலை இறக்கமாகிவிட்டது. "எப்பவும் இப்படித்தாம்மா" என்று பிரியாவிடம் சொன்னேன். "ரெண்டு வருஷமா இது ஒரு வியாதியாவே போச்சு. பசார் மாலாம், ராத்திரிச் சந்தைக்குப் போனா ஒவ்வொரு கடையிலயும் நின்னு பேசுவாரு. கோயில் முடிஞ்சு கார் நிறுத்துன எடத்துக்கு வர்றதுக்குள்ள நான் வீட்டுக்குப் போய்ச் சோறு வடிச்சுரலாம். முன்னல்லாம் இப்படி இல்லை. வயசாக வயசாக வாய் நீண்டு போச்சு."

பிரியா என்னையே பார்த்தாள். "ரெண்டு வருஷமாவா?" என்றாள்.

"ஆமாம்மா. கோயில்ல வரவேற்புக் குழுவுக்கே தலைவராப் போட்டுட்டாங்க. சேவியர் மாதிரி அன்பா நின்னு பேசுற ஆளே கிடையாதுன்னு ஃபாதர் பிரசங்கத்துலயே சொன்னாரு."

அவள் கையில் இருந்த கடிகாரத்தை நிறுத்தினாள். இது சரிப்படாது, கொஞ்சம் ஓய்வெடுங்கள், வேறு இடத்தில் மறுபடி பார்க்கலாம் என்றாள். கட்டடத்தின் பின்பக்கம் ஒரு தாழ்வாரத்துக்கு எங்களைக் கூட்டிப் போனாள். அங்கே ஒரு ஈ, காக்கை கிடையாது. சுவரில் டெங்கிக் கொசு போஸ்டர்கள் மட்டும் வரிசையாக ஒட்டியிருந்தன. முதலில் மலாய், அடுத்து ஆங்கிலம், அடுத்து தமிழ், கடைசியில் சீனம்.

மறுபடி ஆறு நிமிடம். மறுபடி நடை. ஒரு சுற்று நன்றாகப் போனது. அடுத்ததில் தமிழ்ப் போஸ்டருக்கு முன்னால் நின்றார்.

"பாரேன் ரோசி, பூச்சாடியில தண்ணி நிக்கக் கூடாதாம்."

"தெரியும், நடங்க."

நடந்தார். வந்தார். போனார். இந்தத் தடவை கடைசிப் போஸ்டருக்கு முன்னால் நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கழுத்தை முன்னால் நீட்டினார். வரி வரியாகத் தலையை அசைத்து அசைத்துப் படித்தார்.

சீனத்தை.

என் கணவருக்கு மலாய் தெரியும், ஆங்கிலம் தெரியும், கோபம் வந்தால் மட்டும் கொஞ்சம் ஹொக்கியன் சீனம் வரும், அதையும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. சீன எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு அவர் நின்ற நிலையைப் பார்த்தேன். உடம்பு பூராவும் வலது காலில் நின்றது. இடது கால் சும்மா தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. காதுக்குப் பக்கத்தில் வேர்வை இறங்கியது.

பக்கத்தில் போனேன்.

"என்னங்க எழுதியிருக்கு?"

அவர் அடுத்த வரிக்குப் போனார்.

"உங்களைத்தான் கேக்குறேன். என்னா எழுதியிருக்கு அதுல?"

"கால் வலிக்குது, ரோசி" என்றார். சுவரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். "கெண்டைக்கால்ல யாரோ முறுக்கிப் பிழியிற மாதிரி வலிக்குது. கொஞ்சம் நின்னா போயிரும். நடந்தா திரும்ப வரும்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

அப்படியென்றால் பசார் மாலாமில் மீன்காரனிடம் நின்று பேசியது? கோயில் வாசலில் ஊரையெல்லாம் நலம் விசாரித்தது? மாலில் பெண்கள் உள்ளாடைக் கடைக்கு முன்னால் அத்தனை நேரம் நின்றாரே, அதற்கு நான் வாங்குவாங்கென்று வாங்கினேனே, அதுவும் இந்தக் கால்தானா? நடுரோட்டில் சும்மா நின்றால் நாலு பேர் 'என்னா ஆச்சு' என்று கேட்பார்கள். பேசிக்கொண்டு நின்றால் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். அதைக் கண்டுபிடித்து, அதையே பழக்கமாக்கி, அதன் மேல் வரவேற்புக் குழுத் தலைவர் பதவியும் வாங்கிவிட்டார் மனிதர். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

"சொல்றதுக்கு என்ன வந்துச்சு உங்களுக்கு?" என்றேன்.

"சொன்னா என்னா பண்ணுவே? ஊருக்கே சொல்லுவே. நொண்டின்னு ஆயிரும்." குனிந்து கெண்டைக்காலைத் தேய்த்தார். "ஷெரின் என்னா கேட்டா, பாத்தேல்ல? கோயில் நடுவுல, எல்லாரும் எழுந்து நிக்கிறப்ப, நான் நின்னுட்டேன்னா? அவ நாளாச்சே அது."

அப்போதுதான் அந்தச் சித்தப்பா பேச்சு எங்கிருந்து வந்தது என்பதே எனக்கு விளங்கியது.

பிரியா நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்டாள். மாடி? முடியாது. தெருக்கோடி? ஒரு தடவை நின்றுதான் போக முடியும். வேகமாக? முடியவே முடியாது. நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியாக அவள் ஒன்று கேட்டாள்: "அங்கிள், எதைச் செய்ய முடிஞ்சா உங்களுக்குச் சந்தோஷம்?"

"மகளைப் பிடிச்சுக்கிட்டு பீடம் வரைக்கும் நிக்காம நடக்கணும்மா."

சிகிச்சை என்ன தெரியுமா? மாத்திரை உண்டு. சிகரெட்டை நிஜமாகவே விட வேண்டும். பெரிய டாக்டர் தொடர்ந்து பார்த்துக்கொள்வார். ஆனால் முக்கிய மருந்து நடை. வலி நன்றாக வருகிற வரைக்கும் நடக்க வேண்டும், நிற்க வேண்டும், வலி போனதும் மறுபடி நடக்க வேண்டும்.

"இதைத்தானே ரெண்டு வருஷமா செய்யிறேன்" என்றார் இவர்.

"இல்ல அங்கிள். நீங்க அடுத்து யாரு கிடைப்பாங்கன்னு பாத்து நடந்தீங்க. இனிமே கால் சொல்றதைக் கேட்டு நடங்க."

அன்று வீட்டுக்கு வந்ததும் ஷெரினிடம், "நான்தான் ஒன்ன கூட்டிட்டுப் போவேன், சித்தப்பாவுக்கு வேற வேலை குடு" என்றார். பிள்ளை சந்தோஷப்பட்டாள்தான். ஆனால் அப்புறம் என்னிடம் வந்து, "நீங்க சண்டை போட்டுத்தானே ஒத்துக்கிட்டாரு?" என்று கேட்டாள். அவருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேனே. சும்மா சிரித்து வைத்தேன்.

மறுநாளிலிருந்து காலையில் மால். கடைகள் திறப்பதற்கு முன்னால் உள்ளே நடக்க விடுகிறார்கள் — வெயில் இல்லை, மழை இல்லை, நாய் இல்லை. பாதி தம்போய் அங்கேதான் நடக்கிறது. எல்லோருக்கும் சேவியரைத் தெரியும். ஆனால் இப்போது சேவியருக்கு நேரமில்லை. ஆசையாகப் பேச வருகிறவர்களிடம், "அப்புறம் லா, டைம் ஓடுது" என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். வலி வந்தால் தூணைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்பார், யாரிடமும் வாயைத் திறக்க மாட்டார். இரண்டே வாரத்தில் கோயிலில் ஒரு பேச்சு கிளம்பியது: 'சிலோன் மாப்பிள்ளை கிடைச்சதும் சேவியருக்குத் தலைக்கனம் வந்துருச்சு.' வரவேற்புக் குழுவுக்கு வேறு தலைவரைப் பார்க்கலாமா என்று ஃபாதரிடமே ஒருவர் கேட்டிருக்கிறார்.

வலி போய்விடவில்லை. ஆனால் தள்ளிப் போனது. முன்பு செருப்புக் கடையில் வந்த வலி, பிறகு மருந்துக்கடை தாண்டி வந்தது. அப்புறம் நகரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில். பிரியா மறுபடி நடக்கவைத்துப் பார்த்து, "நல்ல முன்னேற்றம், அங்கிள்" என்றாள். கோயில் நடுப்பாதையை மனதுக்குள் அளந்து பார்த்து, போய்விடலாம் என்று நாங்கள் தைரியமாக இருந்தோம்.

போன சனிக்கிழமை அந்தக் கணக்கையெல்லாம் போட்டோக்காரர் கெடுத்தார். வாசலில் நிற்கவைத்து, படியில் ஏறவைத்து, இறங்கவைத்து, மரத்தடி வரைக்கும் நடக்கவைத்து, 'இன்னும் ஒண்ணு அங்கிள், இன்னும் ஒண்ணு அங்கிள்' என்று சாறு பிழிந்துவிட்டார். மணி அடித்துவிட்டது. கீபோர்டு ஆரம்பித்தது. எல்லோரும் எழுந்து திரும்பினார்கள். முன் வரிசையிலிருந்து நானும் திரும்பிப் பார்த்தேன்.

என் பெண் வெள்ளைச் சேலையில், முக்காட்டோடு. பக்கத்தில் கோட்டு போட்ட என் வீட்டுக்காரர். தினமும் பாலத்தில் பஸ்ஸுக்கு ஓடி ஓடிப் பழகிய பிள்ளை, அன்றைக்கு நிதானமாகத்தான் நடந்தாள். கால்வாசி வந்தார்கள். பாதி வந்தார்கள். நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன், ஆனால் வாய் என்னவோ 'நடங்க, நடங்க' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

பாதியைத் தாண்டியதும் அவர் நின்றுவிட்டார்.

இரண்டு பக்கமும் தெரிந்த முகங்கள். கைக்கெட்டும் தூரத்தில் அவருடைய பழைய லிஃப்ட் கம்பெனிச் சிநேகிதர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். 'என்னா பிரதர், எப்ப வந்தீங்க' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், தப்பித்துவிடலாம். அவர் தலை அந்தப் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன்.

பிறகு இந்தப் பக்கம் திரும்பி மகளிடம் என்னவோ சொன்னார். அவளும் என்னவோ சொன்னாள். அவர் கையைத் தன் கைக்குள் இழுத்துச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

முதல் விசும்பல் மூன்றாவது வரிசையிலிருந்து வந்தது. அப்புறம் வரிசை வரிசையாகக் கைக்குட்டைகள் வெளியே வந்தன. மகளைப் பிரிய மனமில்லாமல் தகப்பன் நடுவழியில் நின்றுவிட்டாராம். ஆண்கள்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். கீபோர்டுக்காரர் பாட்டை முதலிலிருந்து வாசித்தார். தலைக்கனம் என்று சொல்லித் திரிந்தவரே குலுங்கிக் குலுங்கி அழுதார். வலி விட்டதும் இரண்டு பேரும் மறுபடி நடந்தார்கள். பீடத்துக்கு வந்து, ஜெயன் கையில் அவள் கையை வைத்தார். அப்போதுதான் நான் மூச்சு விட்டேன்.

விருந்தில் ஷெரின் என்னிடம் சொன்னாள். "கால் வலிக்குதும்மா, கொஞ்சம் நிக்கலாமா?" என்று கேட்டாராம். "நில்லுங்கப்பா. நான் போய்ச் சேராம அங்க ஒண்ணும் ஆரம்பிக்காது" என்றாளாம் இவள்.

"ஏம்ப்பா மொதல்லயே சொல்லலை? ஜெயனைப் பிடிக்கலைன்னு நெனச்சு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் தோளில் ஒரு குத்து விட்டாள்.

"பிடிக்கலைன்னா அன்னைக்கே சொல்லியிருப்பேனே" என்றார் அவர். "கால் வலிக்குதுங்கிறதுதான் வாயில வரலை."

அவள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார். நானும் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்? அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மா வந்தார். அவருக்கும் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கட அவர் நடுவில நிண்ட உடன எனக்கு அழுகையே வந்திட்டுது. இவ்வளவு பாசத்தையும் மனுசன் எங்க ஒளிச்சு வச்சிருந்தவர்?"

"இடது கெண்டைக்காலில்" என்றேன்.